அமெரிக்காவில் தெருவில் நடந்து போகிறவரிடம் போலீஸ் பேச்சுக் கொடுத்தால், அது எப்போது சட்டப்படி ‘பிடித்து வைத்ததாக’ ஆகும்?

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருக்கிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். இங்கே வேலைக்குப் போகிறவனுக்கு இந்தச் சந்தேகம் வராது. அவன் தெருவில் நடப்பதே இல்லை.

நான் வக்கீல் இல்லை. டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிற ஆள். எனக்கு நடந்த ஒன்றுக்காக ஒரு மாதம் தீர்ப்புகளாகப் படித்தேன், அவ்வளவுதான். சட்டம் படித்தவர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

போலீஸ்காரர் உங்களிடம் வந்து பேசக் காரணமே தேவையில்லை. நீங்களும் பதில் சொல்லாமல் நடையைக் கட்டலாம். ஆனால் நியாயமாக யோசிக்கிற எவருக்கும் ‘இப்போது கிளம்ப முடியாது’ என்று தோன்றும்படி அவர் நடந்துகொண்டால், அந்த நொடியே அது ‘சீஷர்’. நம் ஊரில் பொருளைத்தான் கைப்பற்றுவார்கள். இவர்கள் சட்டத்தில் ஆளுக்கும் அதே வார்த்தை. அங்கிருந்து அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் உள்ளே வந்துவிடும், அவர் கையில் காரணம் இருந்தாக வேண்டும். இந்த அளவுகோல் 1980-இல் மெண்டன்ஹால் வழக்கில் வந்தது. எத்தனை போலீஸ் நின்றார்கள், துப்பாக்கியைக் காட்டினார்களா, மேலே கை வைத்தார்களா, குரல் எப்படி இருந்தது என்றெல்லாம் பார்ப்பார்கள்.

இனி என் கதை. டல்லஸ் பக்கம் ஒரு புறநகர், டிசம்பர் மாதம், காலை ஆறு மணி, நல்ல இருட்டு. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரங்கு குல்லா, என் பழைய ஜாக்கெட், பின்னால் கட்டிய கை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டுக்கு எங்கிருந்து கனெக்‌ஷன் எடுத்திருக்கிறான் என்று குனிந்து பார்த்துக்கொண்டே போவார். யாரோ போன் போட்டுவிட்டார்கள். போனை மறந்துவிட்டுப் போனாரே என்று நான் பின்னாலேயே ஓடியதால்தான் அங்கே இருந்தேன்.

முதல் வண்டி சுழல் விளக்குப் போடாமல் ஓரமாக வந்து நின்றது. ஒரே ஒருவர். “குட் மார்னிங், ஒரு நிமிஷம் பேசலாமா?” என்றார். மரியாதையான குரல். அப்பா குல்லாவை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நின்றுவிட்டார். இதுவரை வெறும் பேச்சுதான். கேட்டார் என்று என் லைசென்ஸைக் கொடுத்தேன். அங்கேயே பார்த்துத் திருப்பியிருந்தால் அதுவும் பேச்சுதான். அவரோ அதை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். இரண்டாவது வண்டி வந்து எங்களுக்கு முன்னால் குறுக்கே நின்றது. “நாங்கள் போகலாமா?” என்று கேட்டேன். “ஹேங் டைட்” என்றார், அப்படியே இருங்கள் என்று அர்த்தம்.

என் கணக்கில் பேச்சு முடிந்த இடம் அது. 1983-இல் ராயர் வழக்கில் இதே மாதிரிதான்: மயாமி விமான நிலையத்தில் ஒருவருடைய டிக்கெட்டையும் லைசென்ஸையும் கையில் வைத்துக்கொண்டு, ‘எங்களோடு அறைக்கு வாருங்கள்’ என்றார்கள். லைசென்ஸ் அவர்கள் கையில் இருக்கும்போது யார் கிளம்புவான்?

காரணம் இருந்ததா என்றால், மனசாட்சிப்படி சொல்கிறேன், இருந்தது என்று ஒரு நீதிபதி சொல்லக்கூடும். 1968-இன் டெர்ரி வழக்கே அப்படி ஆரம்பித்ததுதான். கிளீவ்லாந்தில் மெக்ஃபாடன் என்ற துப்பறியும் அதிகாரி, ஒரே கடைக் கண்ணாடிக்குள் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்த இரண்டு பேரைச் சந்தேகப்பட்டார். குல்லாவோடு வீடு வீடாகக் குனிந்த எங்கள் அப்பாவை அவர் விட்டிருப்பாரா?

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ‘நியாயமாக யோசிக்கிற ஆள்’ யார்? 1991-இல் போஸ்டிக் வழக்கில், பஸ்ஸுக்குள் போலீஸ் தலைமாட்டில் வந்து நின்று பையைச் சோதிக்கலாமா என்று கேட்டாலும், மாட்டேன் என்று சொல்ல முடிகிறவரை அது பிடித்து வைத்தது ஆகாது என்றார்கள். எங்கள் வீட்டில் யார் அப்படிச் சொல்வார்கள்? லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, நல்ல நாளாகட்டும் என்று சொல்லி வண்டிகள் கிளம்பிய பிறகும் அப்பா நகரவில்லை. “போகச் சொல்லிட்டாராடா?” என்று இரண்டு தடவை கேட்டார். அம்மாவிடம், “ஒண்ணுமில்ல, போலீஸ்காரர் வழி கேட்டார்” என்று சொல்லிவிட்டார்.

உடனே ‘நம்ம ஊர் போலீஸ் மட்டும் யோக்கியமா’ என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. வந்தவர் கடைசிவரை மேலே கை வைக்கவில்லை. ஆனால் 2015-இல் அலபாமாவின் மேடிசனில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த 57 வயதுக்காரர் இதே மாதிரி தெருவில் நடந்தார், இதே மாதிரி யாரோ போன் போட்டார்கள். ஆங்கிலம் தெரியாது. தரையில் தள்ளியதில் முதுகெலும்பு அடிபட்டு, கை கால் விளங்காமல் போயிற்று. வாசலில் நிற்கும்போது அந்தச் செய்திதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போன் போட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. எங்கள் குடியிருப்பு சங்கத்துக்கு எல்லாம் தெரியும். அம்மா வைத்த கறிவேப்பிலைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது என்று மூன்று கடிதம், குப்பைத் தொட்டி அரை நாள் வெளியே நின்றது என்று ஒன்று. மாதாமாதம் சந்தா மட்டும் ஏறுகிறது. சரி, விடுங்கள்.

பெரியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இரண்டுதான். கை வெளியே தெரியட்டும், “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். ஓடவே கூடாது. 1991-இல் ஹொடாரி வழக்கில், துரத்தினாலும் நீங்கள் நிற்காதவரை உங்களைப் பிடித்ததாகக் கணக்கில்லை என்றார்கள். தொட்டுவிட்டால் கணக்கு வேறு. 2021-இல் டோரெஸ் வழக்கில், குண்டு பட்ட பிறகும் காரை ஓட்டித் தப்பிய பெண்ணைக்கூட அந்த நொடியில் பிடித்ததாகத்தான் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

திருத்தம்: காரில் போனால் என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். காரை நிறுத்திவிட்டாலே சீஷர்தான், பேச்சு என்ற கட்டமே அங்கே கிடையாது. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, 2007-இல் பிரெண்ட்லின் வழக்குக்குப் பிறகு பின்சீட்டில் தூங்குகிற உங்கள் அம்மாவும் சேர்த்தி.