அனியூரிசம் வெடித்த அம்மாவுக்கு ஆபரேஷன்: ஒரு வாரம் பொறுக்கலாமா?

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துச் சரிந்துவிட்டார், வயது 56. ஸ்கேனில் மூளையில் அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய்ச் சுவர் பலூன் போலப் புடைத்த இடம், வெடித்தது தெரிந்திருக்கிறது. “ஆபரேஷன் ரிஸ்க்னு டாக்டரே சொல்றாங்க, உடம்பு தேறட்டும்னு ஒரு வாரம் பொறுக்கலாமா?”

பொறுக்க வேண்டாம் தம்பி. வெடித்த ஓட்டையை இப்போது அடைத்திருப்பது ஒரு சின்ன ரத்தக்கட்டிதான். அது விலகி மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம், அப்படி வெடித்தால் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் முடிந்தால் ஒரு நாளுக்குள், தவறினால் மூன்று நாளுக்குள் அடைத்துவிடப் பார்ப்போம்.

ரிஸ்க் உண்மைதான். பல அனியூரிசங்கள் நல்லமிளகு அளவுதான் இருக்கும். மண்டையைத் திறந்து, ஏற்கெனவே ரத்தம் கசிந்து வீங்கியிருக்கும் மூளையை மெல்ல விலக்கி, அந்தப் புடைப்பின் கழுத்தில், அதாவது அது குழாயோடு சேரும் இடத்தில், கிளிப் போட வேண்டும். நெருங்கும்போதே வெடித்துவிடலாம். அப்போது அதற்கு ரத்தம் கொண்டுவரும் மூலக்குழாயில் தற்காலிகக் கிளிப் போட்டுச் சில நிமிடம் ரத்தத்தை நிறுத்துவோம், அந்த நேரம் நீண்டாலோ, பக்கத்து நுண்குழாயையும் கிளிப் கவ்விவிட்டாலோ பக்கவாதம் வரலாம். வலிப்பு, கிருமித்தொற்றும் உண்டு.

தொடை வழியாகக் குழாய் விட்டு பிளாட்டினம் சுருளால் அடைப்பது இன்னொரு வழி, காயிலிங் என்பார்கள். இரண்டுக்கும் ஒத்துவரக்கூடிய 2143 பேரை வைத்துச் செய்த ஐசாட் ஆய்வு 2002-ல் வந்தது: ஒரு வருடம் கழித்து இறந்தவர்களும் பிறர் உதவி தேவைப்பட்டவர்களும் காயிலிங்கில் நூற்றுக்குச் சுமார் 24, கிளிப்பிங்கில் 31. ஆனால் கழுத்து அகலமாக இருந்தாலோ, பெரிய ரத்தக்கட்டி மூளையை அழுத்தினாலோ பெரும்பாலும் கிளிப்தான் சரி.

அப்புறம் ஒன்று, இதைத்தான் பலரும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ஆறாம் நாள் கை விழுந்துட்டு” என்று அழுதுகொண்டு வருவார்கள். கசிந்த ரத்தம் கிளறிவிடுவதால், வெடித்த நாளிலிருந்து எண்ணி 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை மூளைக் குழாய்கள் சுருங்கலாம். ஆபரேஷனே செய்யாவிட்டாலும் இது வரலாம். நிமோடிபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 21 நாள் கொடுப்பது இதற்குத்தான். இரவு 2 மணி டோஸையும் விடக்கூடாது.

இன்றே டாக்டரிடம் கேளுங்கள்: அம்மாவின் கிரேடு (பாதிப்பு எவ்வளவு கடுமை என்ற அளவு) என்ன, காயிலிங் முடியுமா, இங்கே செய்வீர்களா? திருவனந்தபுரம் போகச் சொன்னால், அங்கே ஐ.சி.யூ. படுக்கை உண்டா என்று போனில் உறுதி செய்த பிறகு கிளம்புங்கள், வழியில் களியக்காவிளை நெரிசலையும் கணக்கில் வையுங்கள். ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) பதிந்த சி.டி. தட்டை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது.