முழங்காலில் நிற்பதா, கடற்கரையில் நடப்பதா?

கேள்வி: எனக்குச் சீனி வருத்தம். தினமும் நடக்கும்படி டொக்டர் சொன்னதால் விடிய எழும்பி நடக்கிறேன். எங்கள் ஜெபக் குழுவில் ஒரு அண்ணர், "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்று வேதமே சொல்கிறது, அந்த நேரத்தில் முழங்காலில் நில்லுங்கள்" என்கிறார். நடந்துகொண்டு ஜெபிப்பது ஆண்டவருக்கு மரியாதை இல்லையாம். நடையை விட்டுவிடவா?
– ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: விடாதீர்கள் அக்கா. நாளைக்கும் போங்கள்.

அண்ணர் சொன்னது 1 தீமோத்தேயு 4:8. தேவபக்தி இம்மைக்கும் மறுமைக்கும் உதவும் என்று காட்டத்தான் பவுல் அங்கே உடற்பயிற்சியைப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். நடக்காதே என்று அதில் எங்கே இருக்கிறது? அடுத்த அதிகாரத்திலேயே தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். பிள்ளையின் உடம்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட மனிதர் அவர். துரோவாவிலிருந்து ஆசோவுக்கு மற்றவர்கள் கப்பலில் போக, தான் மட்டும் தரைவழியாகப் போனதும் அதே பவுல்தான் (அப்போஸ்தலர் 20:13). ஏறக்குறைய 30 கிலோமீட்டர்!

மரியாதை என்ற கதைக்கு வருவோம். ஈசாக்கு சாயங்காலத்தில் தியானம் பண்ண வெளியே வயலுக்குப் போனான். இயேசு இருட்டோடு எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபித்தார். எம்மாவு வழியில் மனம் உடைந்து நடந்துகொண்டிருந்த இருவரோடு உயிர்த்த ஆண்டவரே கூட நடந்தார். அவர்களுடைய இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது அந்த வழியில்தான். முழங்கால் ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அதையும் செய்யுங்கள்.

நடக்கும்போது என்ன ஜெபிப்பது? கண்ணில் படுவதற்காக ஜெபியுங்கள். கரைவலை இழுப்பவர்களின் கயிற்றுத் தழும்பேறிய கைகளுக்காக, விளக்கு எரியும் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காக. ஒருநாள் பஸ் எடுத்து பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் போய் நடவுங்கள். வாசலில் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் மேயும். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் கவனித்துப் பாருங்கள் என்று ஆண்டவர் சொன்னதை நாலு சுவருக்குள் இருந்துகொண்டு எப்படிச் செய்வது?

உடம்புக்கு வருகிறேன். நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால் சாப்பிட்ட பின் 10, 15 நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது, அதுதான் சரியான வேகம். காலை வெளிச்சம் இரவு நித்திரைக்கும் நல்லது. ஆனால் நம்முடைய ஊர் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். நோயாளியிடம் டொக்டர் சொன்னதை விடச் சொல்லும் உரிமை ஜெபக் குழுவில் யாருக்கும் இல்லை. அண்ணர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் கேட்காதீர்கள்.

மணல் என்றாலும் வெறுங்காலோடு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். சீனிக்காரருக்குக் காலில் முள் குத்தினாலும் சிலவேளை தெரியாது, அதனால் வீட்டுக்கு வந்து உள்ளங்காலைப் பாருங்கள். கையில் இரண்டு டொபி இருக்கட்டும், தலை சுற்றினால் உடனே வாயில் போடலாம். அடுத்த கிளினிக்கில் நடை தொடங்கியதைச் சொல்லுங்கள். குளிசையின் அளவை மாற்ற வேண்டுமா என்று டொக்டர் பார்த்துச் சொல்வார்.