"நீள்ளு குடு" என்றால் குழப்பமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் பேச்சுப் பயிற்சி தருகிறேன். இந்த வாரக் கேள்விகள் இவை.

கே: வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். இரண்டே கால் வயது மகள் தமிழில் முப்பது வார்த்தைதான் சொல்கிறாள். தெலுங்கை நிறுத்தச் சொல்கிறார்கள். (வியாசர்பாடி)

ப: தெலுங்கு வார்த்தைகளை யார் எண்ணினார்கள்? ஒரு நோட்டில் இரண்டையும் எழுதுங்கம்மா. இரண்டு வயது தாண்டியும் எல்லாம் சேர்த்து ஐம்பது தேறவில்லை, 'பாலு வேணும்' மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். ஒரு மொழியை நிறுத்தினால் இன்னொன்று வேகமாக வந்துவிடாது. பாட்டியோடு பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

கே: தண்ணீருக்குத் தெலுங்குச் சொல்லைப் போட்டு "அம்மா, நீள்ளு குடு" என்று கலக்கிறாளே?

ப: 'பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்' என்கிற நம்மை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லையே! உங்களுக்கு இரண்டும் புரியும் என்று அவளுக்குத் தெரியும். தமிழ் மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டு ஆயாவிடம் எப்படிக் கேட்கிறாள் என்று கவனியுங்கள்.

கே: வீட்டில் உருது. எட்டு வயதுப் பேரன் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தயங்குகிறான். மந்தமா? (மண்ணடி)

ப: இல்லை பாய். கத்தரிக்கோலைப் பார்த்ததும் அதன் உருதுப் பெயரான 'கைஞ்சி'யும் மனதில் எழும். ஒன்றை அடக்கித்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். போதாததற்கு, பேச்சு இரண்டு மொழிக்கும் பங்கு போவதால் ஒவ்வொரு சொல்லும் வாயில் புழங்குவது குறைவு. படம் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனைகளில் இருமொழிக்காரர்கள் நொடியில் ஒரு துளி பிந்துவது வழக்கம்தான். ஆனால் தினம் புழங்கும் சொல்லுக்கே இரண்டு மொழியிலும் திணறினால் கூட்டி வாருங்கள்.

கே: இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகுமா?

ப: இருமொழிப் பிள்ளைகள் மந்தம் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1962இல் கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வாளர்கள் பீலும் லாம்பர்ட்டும் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது இருமொழிக்காரர்களே முன்னால் நின்றார்கள். பிறகு டொரான்டோவில் உளவியல் ஆய்வாளர் எலன் பியாலிஸ்டாக், கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் இவர்களுக்குக் கை ஓங்கியிருக்கிறது என்றார். பின்னால் நடந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. மார்க்குக்காக மொழி சொல்லித்தராதீர்கள் என்பேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஹைதராபாத் ஆய்வு (2013) மறதி நோய் வந்த 648 பேரைப் பற்றியது. இருமொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. அதைக் குழந்தைகள் கணக்கில் எழுதாதீர்கள்.

கே: திக்குவாய் இதனால் வருமா?

ப: வராது.

கே: இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டுவிட்டால் போதுமா? (காசிமேடு)

ப: கார்ட்டூன் பதில் பேசாதே! சரி, மீன் வாங்கப் போகும்போது கூட்டிப் போங்கள். வஞ்சிரத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.