ஓடாத செடி என்று யார் சொன்னது?

அன்புள்ள ஐயா,

அலையாத்திக் காடுகள் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உப்பானாலும் வறட்சியானாலும் குளிரானாலும் செடிகள் நின்ற இடத்திலேயே நின்று தாங்கிக்கொள்வதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சில கேள்விகள். மூன்றையும் தாங்கச் செடிக்குள் இருப்பது ஒரே ஏற்பாடா, தனித்தனி ஏற்பாடுகளா? செடிக்கும் துயரம் உண்டா? இன்னொன்று என் வீட்டு விஷயம். ஜன்னலோரத் தொட்டியில் ஒரு செடி வைத்திருக்கிறேன். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இலை ஓரமெல்லாம் கருகுகிறது. தண்ணீரைக் குறைத்துப் பழக்கினால் உறுதிப்படுமா?

என் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மூன்றாம் மாதமே படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள். உங்கள் கட்டுரையை அவளுக்கு அனுப்பி, "செடியைப் பார். கத்துகிறதா, ஓடுகிறதா? பொறுத்துக்கொள், பலம் வரும்" என்று எழுதினேன். பதிலே இல்லை.

ந.

*

அன்புள்ள ந.,

மகள் பதில் போடாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கட்டுரையை வைத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கிறீர்கள், அதனால் எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. பாறை இடுக்கில் முளைத்த ஒரு கன்று, கீழே 'பொறுமையே வெற்றி' என்று ஒரு வரி. இந்தப் படம் வாரத்துக்கு ஒருமுறையாவது என் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அனுப்புபவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட அந்தக் கன்று ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று கேட்டதில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

துயரக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். செடிக்கு நரம்பு இல்லை, மூளை இல்லை, துயரமும் இல்லை. அதை விடுங்கள்.

ஒரே ஏற்பாடா என்பது நல்ல கேள்வி. பாதிக்கு மேல் ஒரே ஏற்பாடுதான், ஏனென்றால் மூன்றும் செடிக்குத் தாகமாகவே வந்து சேர்கின்றன. காய்ந்த மண்ணில் தண்ணீர் இல்லை. உப்பு மண்ணில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது, வேரால் இழுக்க முடியவில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் வேரை விட்டால் பெரும்பாலான பயிர்கள் தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். உறைபனியிலும் இதே கதைதான். பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு நடுவே உள்ள இடத்தில் உருவாகிறது. அது உள்ளே இருக்கும் நீரை வெளியே உறிஞ்சிக்கொள்கிறது, செல் சுருங்கிப்போகிறது. அதனால்தான் மூன்றுக்கும் செடி ஏறக்குறைய ஒரே பெட்டியைத் திறக்கிறது. புரோலின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரைகளும் செல்லுக்குள் சேர்ந்து நீரைப் பிடித்து வைக்கின்றன. சில புரதங்கள் மற்ற புரதங்கள் குலைந்துவிடாமல் காக்கின்றன. விதை முற்றிக் காயும் கடைசிக் கட்டத்தில் வேலைசெய்யும் புரதக் குடும்பம் ஒன்று, வாடும் இலையிலும் வந்து நிற்கிறது.

வேறுபாடுகளும் உண்டு. குளிரில் செல் சவ்வின் கொழுப்பு இறுகிவிடும். அது இளக்கமாக இருக்கும்படி கொழுப்பின் வகையையே செடி மாற்றிக்கொள்ளும். உப்பில் சோடியம் பொட்டாசியம் வேடம் போட்டு உள்ளே நுழைந்துவிடும். அதை வெளியே தள்ள வேண்டும், இல்லையென்றால் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் போட்டுப் பூட்ட வேண்டும். அலையாத்திக் காடுகளில் நிற்கும் வெண்கண்டல் போன்ற அவிசினியா மரங்கள் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிட்டு, மீறி வந்ததை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகின்றன. மழை இல்லாத நாளில் அந்த இலையை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள், பொடிப்பொடியாக மின்னும். நக்கினால் கரிக்கும். நக்கியிருக்கிறேன்.

சரி, உங்கள் மகளுக்கு நீங்கள் எழுதிய இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

கத்துகிறதா? 2023இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளிச் செடிகள் மணிக்குச் சுமார் 35 முறை 'டிக் டிக்' என்று ஒலி எழுப்புகின்றன. தண்ணீர் ஊற்றி வைத்த செடியில் மணிக்கு ஒன்றுகூட இல்லை. நம் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதி அது. இதை அழுகை என்று எழுதினால் எனக்குப் பிடிக்காது. தண்ணீர்க் குழாய்களில் காற்றுக்குமிழ்கள் வெடிக்கும் சத்தமாகத்தான் இருக்கும். ஆனால் சத்தமே வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஓடுகிறதா? ஓடுகிறது ஐயா, நன்றாகவே ஓடுகிறது. வறட்சியைச் செடி சமாளிக்கும் வழிகளை வகைப்படுத்தும்போது தாவரவியலாளர்கள் வைத்திருக்கும் ஒரு வகையின் பெயரே 'தப்பித்தல்'. பாலைவனத்தின் சிறு செடிகள் பல ஒரு மழைக்கு முளைத்து, சில வாரங்களில் பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகின்றன. வறட்சியை அவை பார்ப்பதே இல்லை, விதையாகத் தூங்கிக் கழித்துவிடுகின்றன. சிலவற்றின் விதைகள் லேசான தூறலுக்கு ஏமாறுவதுகூடக் கிடையாது. முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் ஒன்று அவற்றில் இருக்கும். அதைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு மழை பெய்தால்தான் கண் திறக்கும். இந்தச் செடிகளைக் கோழைகள் என்று எந்தத் தாவரவியல் பாடநூலும் சொல்லவில்லை.

அடுத்து 'பலம் வரும்' என்றீர்களே, அங்கேதான் எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது.

செடி வறட்சியைத் தாங்கும்போது என்ன செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தில் ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் உதடுபோல இரண்டு காவல் செல்கள். மண் காயத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடியில் பெருகி இந்தச் செல்களை எட்டுகிறது. அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. காற்றுப்போன பலூன்போல இரண்டும் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, துளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் மிச்சம். ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே வழியில்தான். கதவைச் சாத்திவிட்டால் சமையல் கிடையாது. தாகத்தில் சாகாமல் இருக்கச் செடி பட்டினி கிடக்கிறது. நீங்கள் பொறுமை என்று கும்பிடுவது இந்தப் பட்டினியைத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வதுண்டு, வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரு வேலை செய்தார்கள். நெருக்கடி வரும்போது பல காப்பு மரபணுக்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும் தலைமை மரபணு ஒன்று உண்டு. 'டிரெப்1ஏ' என்று பெயர். அதை எப்போதும் விழித்தே இருக்கும்படி மாற்றிவைத்தார்கள். செடி வறட்சியைத் தாங்கியது, உப்பைத் தாங்கியது, உறைபனியையும் தாங்கியது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது: ஒரே மரபணு, மூன்று தாங்கல்கள். ஆனால் அந்தச் செடிகளை எந்த நெருக்கடியும் இல்லாத இடத்தில், நல்ல மண்ணும் நல்ல நீரும் கொடுத்து வைத்திருந்தபோதும் அவை வளரவில்லை. குட்டையாகக் குறுகிப்போய் நின்றன. எல்லாம் இருந்தும், 'ஆபத்து, ஆபத்து' என்று உள்ளே ஒன்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி வளரும்? பிறகு அதே மரபணுவை நெருக்கடி வந்தால் மட்டும் விழிக்கும்படி அமைத்தார்கள். அந்தச் செடிகள் ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தன, தாங்குவதிலும் முந்தையவற்றை மிஞ்சின.

எப்போதும் தாங்கத் தயாராக நிற்கும் மனிதர்கள் சிலரை எனக்குத் தெரியும். எதையும் பொறுத்துக்கொள்வார்கள். சிரிக்கச் சொன்னால்தான் தெரியும் எவ்வளவு குட்டையாகிவிட்டார்கள் என்று.

பழகப் பழகத் தாங்கும் என்பீர்கள். பழகும், பொய்யில்லை. ரை என்று கோதுமை மாதிரி ஒரு தானியப் பயிர் உண்டு. குளிருக்குப் பழகாத ரை சுமார் -5 டிகிரியிலேயே செத்துவிடும். உறையாத குளிரில் கொஞ்ச காலம் வைத்துப் பழக்கினால் அதே பயிர் -30 டிகிரி வரை பிழைக்கும். ஆனால் முதல் நாளே -30இல் கொண்டுபோய் வைத்துவிட்டு 'பழகிக்கொள்' என்றால் பழகுவதற்கு அங்கே பயிர் இருக்காது. நானே ஒருமுறை நிழலில் முளைக்கவைத்த நாற்பது நாற்றுகளை, உறுதிப்படட்டும் என்று ஒரே காலையில் முழு வெயிலில் தூக்கி வைத்தேன். மூன்றாம் நாள் இலைகள் காகிதம்போல வெளுத்துவிட்டன. ஒரு வாரம், பத்து நாள் என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே காட்டியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு எத்தனை நாள் கிடைத்தது?

நானும் மூன்றாம் மாதம் போக வேண்டும் என்று நின்றவன்தான். தாவரவியல் வகுப்பு. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, இரவெல்லாம் தூக்கம் வராது, காலையில் வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறாது. விலகல் படிவத்தை நான்காக மடித்து மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேராசிரியரின் அறையைச் சுற்றிச்சுற்றி வந்தேன். நான்காம் நாள் விடிந்தும் விடியாமலும் அவரே ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். வரிசையாகத் தொட்டிகளில் ரணகள்ளி. தடித்த இலை, ஓரத்துப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் மணிமணியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்து, "கடி. விழுங்கிடாதே, இதயத்துக்கு ஆகாத நஞ்சு கொஞ்சம் உண்டு, துப்பிடு" என்றார். கடித்தேன். புளிப்பில் பல் கூசியது.

சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டார். அதே செடி, பக்கத்து இலை. புளிப்பே இல்லை, பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"பகல்ல கதவைத் திறந்தா தண்ணி போயிடும். அதனால ராத்திரி திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமா மாத்தி வெச்சுக்கும். விடிஞ்சதும் கதவைச் சாத்திட்டு அதையே எடுத்துச் சமைக்கும். புளிப்பு தீர்ந்ததுன்னா அன்னைக்குச் சமையல் முடிஞ்சது."

"கெட்டிக்காரச் செடி சார்."

"கெட்டிக்காரச் செடிதான். ஆனா ராத்திரி எவ்வளவு சேத்து வெக்க இடம் இருக்கோ அவ்வளவுதான் பகல்ல. அதான் மெதுவா வளருது." கையைத் துடைத்துக்கொண்டார். "பையில இருக்கிறதைக் கொடு."

படிவத்தை என் முதுகின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா அழுத்திய இடம் கொஞ்ச நேரம் குறுகுறுத்தது. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. விலகியது சரியா என்று கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. ஆனால் அன்று இரவு தூங்கினேன்.

வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் புளிப்பு உலகத்துக்குத் தெரியவந்ததும் ஒரு கடிதத்தால்தான் என்று. இந்தியாவில் இருந்த பெஞ்சமின் ஹைன் என்ற தாவரவியலாளர் இதே ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815இல் அது அச்சானது. காரணம் விளங்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, நாக்கில் பட்டதை எழுதினார். நீங்கள் மகளுக்கு அடுத்த கடிதம் எழுதும்போது என் கட்டுரையை இணைக்க வேண்டாம். அங்கே காலை எப்படி இருக்கிறது, சாயங்காலம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் தொட்டியை மறந்தே போனேன். மண்மேல் பூத்திருக்கும் வெள்ளை பெரும்பாலும் உரத்திலும் தண்ணீரிலும் இருந்த உப்புதான். தண்ணீர் ஆவியாகிவிட்டது, உப்பு தங்கிவிட்டது. தண்ணீரைக் குறைத்தால் மிச்சமிருக்கும் ஈரத்தில் உப்பு இன்னும் கெட்டியாகும், இலை இன்னும் கருகும். தயவுசெய்து பழக்காதீர்கள். வெள்ளையை மேலாகச் சுரண்டி எடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நல்ல தண்ணீரை மெதுவாக, அடியில் தாராளமாக ஒழுகும்வரை ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் விட்டு அதேபோல இன்னும் இரண்டு மூன்று முறை. புது இலை வரும்வரை உரம் வேண்டாம். தட்டில் வடிந்து நிற்பதைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிவிடாதீர்கள், எல்லா உப்பும் அதில்தான் இருக்கும்.