ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு 135 பிளாக் மாட்டலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். அரியாங்குப்பத்திலுள்ள என் தாய்மாமா தம்முடைய 1989-ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை எனக்குக் கொடுத்துவிட்டார். புதுச்சேரிப் பதிவு; ஆர்.சி. (பதிவுச் சான்று) 2029 வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. முன்பிருந்த இழுவை இப்போது இல்லை. ஆர்.எக்ஸ். 135 வண்டியின் பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பகுதியை) மாட்டி, ஆர்.சி.யையும் ‘சரிசெய்து’ தருவதாகப் புதுச்சேரியில் ஒருவர் சொல்கிறார். வின்டேஜ் வண்டி என்பதால் சட்டச் சிக்கல் எதுவும் வராது என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். உங்கள் வண்டி இழந்திருப்பது இழுவையைத்தானே தவிர, எஞ்சினின் கொள்ளளவை (சி.சி.) அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில்தான் அந்த மனிதரின் பிழைப்பு இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸே (பிளாக்குக்குக் கீழே கிராங்க் சுழலும் கூடே) ஒரு பம்பு போல வேலை செய்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை மேலே தள்ளுகிறது. ஆகவே கிராங்க்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் தேய்ந்து காற்றை இழுத்தாலும், போர் (பிளாக்கில் பிஸ்டன் ஓடும் துளை) தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்தாலும், சைலன்சருக்குள் கரி படிந்து அடைத்துக்கொண்டாலும் வண்டி மந்தமாகிவிடும். முப்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியில் இம்மூன்றும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைப் பார்க்காமலே பிளாக்கை மாற்றச் சொல்பவர் மெக்கானிக் அல்லர், பிளாக் வியாபாரி.

இனி 135 பிளாக்கைப் பற்றிச் சொல்கிறேன். ஆர்.எக்ஸ். 100 எஞ்சினின் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மில்லிமீட்டர். கொள்ளளவு 98 சி.சி. ஆர்.எக்ஸ். 135-இல் ஸ்ட்ரோக் அதேதான், போர் மட்டும் 58 மில்லிமீட்டர். கொள்ளளவு 132 சி.சி. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால் “அப்படியே உட்கார்ந்துவிடும்” என்பார்கள். உட்காராது. 135-இன் ஸ்லீவ் (பிளாக்கின் உள்குழாய்) பெரியது என்பதால் கிராங்க் கேஸின் வாயை லேத் பட்டறையில் கடைந்து அகலப்படுத்த வேண்டும். அந்த வேலை கொஞ்சம் பிசகினாலும் கேஸ்கெட் உட்காரும் இடம் மெலிந்து காற்று கசியும். கலவையில் பெட்ரோல் குறையும். வெப்பம் ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய அளவிலேயே இருக்கும் கார்புரேட்டர் ஜெட்டும் (பெட்ரோல் வரும் சிறு துளை) இந்த ஆபத்தைக் கூட்டும். கடைந்த கேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் எளிதல்ல.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி. முரண்படும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வின்டேஜ் என்ற பேச்சும் இங்கே எடுபடாது. 2021-இல் வந்த விதிகள் முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைத்தான் அப்படி ஏற்கின்றன; எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் வண்டி 2039-இல் அந்தத் தகுதியை எட்டும். இன்று பிளாக்கை மாற்றினால் அந்த வாய்ப்பையும் இழப்பீர்கள்.

தரகர்கள் சொல்லும் மூன்று சமாதானங்கள் எனக்கு மனப்பாடம். எஞ்சின் எண் கிராங்க் கேஸில் இருக்கிறது, பிளாக்கை மாற்றினால் எண் மாறாது, ஆகவே எவருக்கும் தெரியாது என்பது முதலாவது. எண் மாறாது என்பது உண்மை. ஆனால் பழகிய கண் பிளாக்கைப் பார்த்தே கண்டுகொள்ளும். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் 75-க்கு மேல் 150 சி.சி. வரை ஒரே படிநிலை, ஆகவே கம்பெனி கேட்காது என்பது இரண்டாவது. படிநிலை ஒன்றுதான். ஆனால் விபத்துக்குள்ளான வண்டிகளைச் சோதித்த என் பணிக்காலத்தில், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி உரிமையாளரின் சொந்தச் சேதத்துக்கான தொகையை மறுத்த கோப்புகளைக் கண்டிருக்கிறேன். ஆர்.சி.யில் 132 என்று ஏற்றித் தருகிறேன் என்பது மூன்றாவது. மூன்றிலும் மோசமானது இதுதான். அட்டையில் எதை அச்சிட்டாலும் அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளமான ‘வாகன்’-இல் 98 என்றுதான் இருக்கும். போலி ஆவணத்தை வைத்திருந்த பழி உங்கள் தலையில் விழும். முழு 135 எஞ்சினையே இறக்கி உங்கள் எண்ணை அதில் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கே ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். அந்த எஞ்சின் எவர் வீட்டு வாசலிலிருந்து காணாமல் போனதோ!

ஒரு விலக்கு இருக்கிறது. இதைப் பலரும் குழப்பிக்கொள்வதால் சற்று நீட்டியே சொல்கிறேன். போர் தேய்ந்தால் அதைக் கடைந்து ஓவர்சைஸ் (சற்றே பெரிய) பிஸ்டன் போடுவது பழுதுபார்ப்பு; சட்டம் தடுக்கும் மாற்றமல்ல. கால் மில்லிமீட்டர் கடைந்து 50.25 ஆக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ 99.2 சி.சி. ஆகும், 50.50-இல் 100.1, 51-இல் 102.1. கடைசி ஓவர்சைஸ் வரை போனாலும் நான்கு சி.சி.தான் கூடுகிறது. அது தேய்மானத்தைச் சரிசெய்ததன் உபவிளைவேயன்றி உங்கள் நோக்கமல்ல. ஆகவே ‘போர் பண்ணி சி.சி. ஏற்றுகிறேன்’ என்று எவராவது பணம் கேட்டால் அவர் உங்களுக்கு விற்பது வெறும் சொல். எடுத்த எடுப்பில் 51-க்குப் போகவும் விடாதீர்கள். ஒவ்வொரு கால் மில்லிமீட்டரும் பின்னாளில் உதவும் சேமிப்பு. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பப் பிளாக்கைக் கடைந்து ஹோனிங் செய்ய (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்க) வேண்டும். கடைந்த பின் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. கடைந்த பின் போர்ட்டுகளின் (கலவையும் புகையும் போய்வரும் வாய்களின்) கூரான விளிம்புகளை மழுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரிங் அதில் சிக்கி உடையும்.

முறையாக அனுமதி வாங்கி மாற்ற முடியாதா என்றும் நீங்கள் நினைக்கலாம். நானே ஒருமுறை ஓர் அலுவலகத்தில் வேறொருவருக்காக எழுதிக் கேட்டேன். 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்குத் தயாரிப்பாளரின் கடிதம் கேட்டார்கள். முடியாது என்று அன்றே ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருக்கலாம். மூன்று முறை அலைக்கழித்தார்கள். அந்த அலுவலக வாசலிலேயே சைலன்சரை வெட்டிய வண்டிகள் நின்றுகொண்டிருந்தன.

உங்களுக்கு இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வண்டி வேறு மாநிலக் கணக்குக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் கடலூரில் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். தினமும் ஆயிரக்கணக்கானோர் போய்வரும் ஒரே சாலையில் இரண்டு பதிவேடுகள் எதற்கு என்பதற்கு எவரும் பதில் சொல்வதில்லை. ஆனாலும் விதி அதுதான். மாமாவிடம் கையெழுத்து வாங்கி, புதுச்சேரியில் தடையின்மைச் சான்று பெற்று, பெயர் மாற்றத்தையும் வரியையும் முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவின்போது ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். எஞ்சினைத் திறந்து சீல், போர் வேலைகளை முடித்த பட்டறையின் பில் அன்று உங்கள் கையில் இருக்கட்டும். பிளாக் பழையதாகவே இருக்கட்டும்.