வாசகர் கேள்வி, எமது பதில்: தண்டனை முடிந்து லயத்துக்குத் திரும்பியவர்

கேள்வி: சிறுமி ஒருத்தியைத் துஷ்பிரயோகம் செய்த வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் விடுதலையாகி எங்கள் தோட்டத்து லயத்துக்கே வந்துவிட்டார். 'இப்படிப்பட்ட ஆள் திருந்தவே மாட்டான், அடித்து விரட்டுவோம்' என்கிறார்கள் இளைஞர்கள். 'சின்ன வயதில் தாய் தகப்பன் பார்க்காமல் வளர்ந்தவன், பாவம்' என்கிறார்கள் பெரியவர்கள். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: இரண்டு பேச்சையும் ஒதுக்கி வையுங்கள். கனடாவில் ஹான்சன், மோர்டன்-போர்கோன் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் 82 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பாலியல் குற்றம் செய்த 29,450 பேரைப் பற்றிய அந்த ஆய்வுகளில், 5 முதல் 6 ஆண்டுகளுக்குள் மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 13.7 சதவீதம். ஹான்சன் பங்கெடுத்த இன்னொரு கணக்கில், 15 ஆண்டு வரை போனால் இது 24 சதவீதம். இவை பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் எட்டிய குற்றங்கள் மட்டுமே. வெளியில் சொல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பதால் உண்மை நிலை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனாலும் 'எல்லோரும் திரும்பச் செய்வார்கள்' என்பது சரியில்லை.

சராசரியைவிட, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடுதான் முக்கியம். அதே 15 ஆண்டுக் கணக்கில், குடும்பத்துக்குள்ளேயே குற்றம் செய்தவர்களில் 13 சதவீதம் பேர் மீண்டும் செய்தார்கள். ஆண் பிள்ளைகளைக் குறிவைத்தவர்களில் 35 சதவீதம். முதல் தடவை பிடிபட்டவர்களில் 19, ஏற்கனவே பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தவர்களில் 37. ஐம்பது வயதைத் தாண்டி வெளியே வந்தவர்களில் 12. இவை வெளிநாட்டு எண்கள். அப்படியே நம் தோட்டத்துக்குப் பொருத்த வேண்டாம். எந்தப் பக்கம் அபாயம் கூடுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அடி உதை, கவனிப்பாரற்ற நிலை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரைப் பிரிந்த வாழ்வு எல்லாம் இத்தகைய குற்றவாளிகளின் சிறுவயதில் அடிக்கடி காணப்படுபவை. ஆனால் ஒருமுறை குற்றம் செய்தவர்களில் யார் மீண்டும் செய்வார் என்று பார்க்கும்போது, சிறுவயதுத் துயரம் மிகக் குறைவாகவே உதவுகிறது. அந்த இடத்தில் பலமாக நிற்பவை இரண்டு. ஒன்று, பிள்ளைகள் மீதான பாலியல் நாட்டம் இன்னும் விடாமல் இருப்பது. மற்றது, கட்டுப்பாடில்லாத வாழ்க்கை: குடி, வன்முறை, நிலையான வேலையின்மை, விதித்த நிபந்தனையை மீறுவது. இந்த இரண்டாவதை அயலவர்களால் கண்ணால் பார்க்க முடியும்.

ஆகவே பார்க்க வேண்டியது இன்றைய நடத்தையை. வேலைக்குப் போகிறாரா? கசிப்புக் குடிக்கும் கூட்டத்தோடு சேருகிறாரா? மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிப்பு, ஃபோன், ரீலோட் வாங்கிக் கொடுக்கிறாரா? 'நான் பாடம் சொல்லித் தாறேன்', 'பிள்ளையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று தனிமையைத் தேடுகிறாரா? கடைசி இரண்டில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ 1929க்கோ சொல்லுங்கள். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

அடித்து விரட்டுவதை நாங்கள் உறுதியாக எதிர்க்கிறோம். வேலையும் கூரையும் போன ஆள், அவரைப் பற்றி எதுவும் தெரியாத வேறொரு டிவிஷனில் போய் ஒதுங்குவார். அங்கே அபாயம் கூடும், கண்காணிப்பு இருக்காது. கனடாவின் ஹமில்டன் நகரில் 1994இல் தொடங்கிய முறையில், இத்தகைய ஒருவரைச் சுற்றி நாலைந்து தொண்டர்கள் சேர்ந்து, அடிக்கடி சந்தித்து, உதவியும் செய்து கேள்வியும் கேட்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் குடும்பத்தில் ஒருவர், நலன் உத்தியோகத்தர், கோயில் கமிட்டியில் ஒருவர் என மூன்று பேர் இந்தப் பொறுப்பை எடுத்தாலே பெரிய காரியம். பிள்ளைகளோடு தனியே இருக்கக் கூடாது என்பதை அவர்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விடயம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, தாய் மலையால் இறங்கும்வரை பல மணி நேரம் தனியே இருக்கிறது. பிள்ளை மடுவம் சின்னஞ்சிறுசுகளுக்கு மட்டும்தான். பீலிக்குத் தண்ணீருக்குப் போவது, லயக் கோடியில் உள்ள கழிப்பறைக்குப் போவது எல்லாம் அந்த நேரத்தில்தான். லயத்தில் வீட்டோடிருக்கும் இரண்டு பெண்கள் முறை வைத்து, பிள்ளைகளை ஒரே இஸ்தோப்பில் திறந்த வெளியில் உட்கார வையுங்கள். திரும்பி வந்த ஒருவரையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்கு நன்கு தெரிந்த உறவினரோ அயலவரோ செய்யும் குற்றம் கண்ணில் படாது. பெரும்பாலான துஷ்பிரயோகம் அவர்களால்தான் நடக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயதில் அப்படி ஒரு கொடுமை நடந்தது. 'நாளைக்கு இவனும் அதையே செய்வான்' என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள்.
– தாய், பண்டாரவளை

பதில்: சகோதரி, அந்தப் பேச்சை உங்கள் வீட்டு வாசலோடு நிறுத்துங்கள். குற்றவாளிகளைக் கூட்டி 'உனக்குச் சின்ன வயதில் என்ன நடந்தது' என்று பின்னோக்கிக் கேட்டால், 'எனக்கும் நடந்தது' என்பவர்கள் அதிகமாகத்தான் தெரிவார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் தொடங்கி முன்னோக்கிப் பார்த்தால் படம் மாறுகிறது. அமெரிக்காவில் கேத்தி விடொம் என்ற ஆய்வாளர், துஷ்பிரயோகமோ கவனிப்பின்மையோ நீதிமன்றத்தில் பதிவான 908 பிள்ளைகளை, அப்படிப் பதிவில்லாத 667 பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். 2015இல் வெளிவந்த முடிவில், உடல்ரீதியாக அடிபட்ட பிள்ளைகளுக்கும் கவனிப்பின்றி விடப்பட்ட பிள்ளைகளுக்கும்தான் பிற்காலத்தில் பாலியல் குற்றத்துக்காகக் கைதாகும் வாய்ப்புக் கூடியிருந்தது. பாலியல் துஷ்பிரயோகத்துக்கு மட்டும் உள்ளான பிள்ளைகளில் அப்படித் தெளிவான தொடர்பு தென்படவில்லை. அடிபட்டவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் அந்த வழியில் போகவே இல்லை.

மகனுக்குத் தேவை, அவன் சொன்னதை நம்பும் ஒரு பெரியவர், அடியில்லாத வீடு, பள்ளிக்கூடம் விடாமல் போவது. தூக்கம் கெட்டால், படுக்கையை நனைத்தால், எதற்கெடுத்தாலும் சீறினால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 'என்ன நடந்தது, திரும்பச் சொல்லு' என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்க விடாதீர்கள்.

கேள்வி: குற்றம் செய்த என் மைத்துனர் கோயிலில் அழுது மன்னிப்புக் கேட்டார். நம்பலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: மேலே சொன்ன 82 ஆய்வுகளில், குற்றத்தை மறுப்பதும் பாதிக்கப்பட்டவர் மீது இரக்கமில்லாததும்கூட மீள்குற்றத்தைப் பெரிதாகக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியென்றால் அழுகையையும் உத்தரவாதமாக எடுக்க முடியாது. பிள்ளைகளோடு தனியே விடாதீர்கள். குற்றமின்றிக் கழியும் ஒவ்வொரு ஆண்டும் அபாயம் குறைகிறது. நம்பிக்கையையும் அந்த வேகத்திலேயே கொடுங்கள்.

கேள்வி: என் அக்கா மகனுக்கு 14 வயது. பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பிள்ளையிடம் தவறாக நடந்துவிட்டான். தலைவரிடம் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள்.
– வாசகி, ஹற்றன்

பதில்: பேசி முடிக்காதீர்கள். அந்தச் சின்னப் பிள்ளைக்கு மருத்துவமும் பாதுகாப்பும் உடனே வேண்டும். அன்று உடுத்திருந்த துணியைக் கழுவாமல் காகிதப் பையில் வையுங்கள். ஷொப்பிங் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். பிள்ளை முதலில் சொன்ன வார்த்தைகளை அப்படியே, திகதி நேரத்தோடு எழுதுங்கள். வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். பொலிஸில் சிறுவர் மகளிர் பணியகத்தில் முறையிடுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் அக்கா மகனைப் பற்றி: இந்த வயதில் குற்றம் செய்தவர்களில் மீண்டும் பாலியல் குற்றம் செய்பவர்கள் பெரியவர்களைவிட மிகக் குறைவு. 2016இல் மைக்கல் கால்ட்வெல் தொகுத்த ஆய்வுகளில் அது 5 சதவீதத்துக்கும் கீழ். ஆகவே அவனை 'காமுகன்' என்று முத்திரை குத்தவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். நன்னடத்தை அலுவலரிடம் அவன் பெயர் போகட்டும். இது எங்கே பார்த்தது, ஃபோனில் ஆபாசப் படமா, அவனுக்கே யாராவது இப்படிச் செய்தார்களா என்று அவர் விசாரிப்பார். கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால், குற்றம் செய்த இன்னொரு ஆள் அந்த லயத்தில் இன்னும் வெளியே நடமாடக்கூடும். விசாரணை முடியும்வரை இரு பிள்ளைகளும் ஒரே வாசலில் இருக்கக் கூடாது. இடம் மாற வேண்டியது பையன்தான், பாதிக்கப்பட்ட பிள்ளை அல்ல. சிறு பிள்ளைகள் இல்லாத உறவினர் வீடாகப் பார்த்து அனுப்புங்கள்.