படத்தைப் பார்த்து கிராஃபுக்குப் பெயர் வைக்காதீர்கள்

கேள்வி: அறுகோணம் வரைந்து, எதிரெதிர் முனைகளை மூன்று குறுக்குக் கோடுகளால் சேர்த்த கிராஃபை ‘ரெகுலர்’ என்று எழுதினேன். விடைக்குறிப்பில் ‘கம்ப்ளீட் பைபார்ட்டைட்’ என்று இருக்கிறது. பைபார்ட்டைட் என்றால் முனைகள் இரண்டு வரிசையாக நிற்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியதும் தப்பில்லை, எல்லா முனையிலும் ஒரே எண்ணிக்கையில் கோடுகள் சேர்ந்தால் ரெகுலர்தான். ஒரே கிராஃபுக்கு இரண்டு மூன்று பெயர்கள் பொருந்தும். கிராஃப் என்பது முனைகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளும் (விளிம்புகள்) மட்டும்தான். முனையைத் தாளில் எங்கே வைத்தோம் என்பது கணக்கே இல்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முனைகளுக்குச் சுற்றிவர 1 முதல் 6 வரை எண் போடுங்கள். ஓரக் கோடுகள் ஆறும் ஒற்றைப்படை எண்ணை இரட்டைப்படையோடுதான் சேர்க்கின்றன. குறுக்கே போகும் 1-4, 2-5, 3-6 மூன்றும் அப்படியே. ஆக 1, 3, 5 ஓர் அணி. 2, 4, 6 இன்னோர் அணி. அணிக்குள் விளிம்பே கிடையாது. இப்படி இரண்டு அணியாகப் பிரிக்க முடிந்தால் அதுதான் பைபார்ட்டைட். அணிக்கு அணி 3×3 = 9 ஜோடி, விளிம்பும் 9. ஒன்றும் விடுபடாததால்தான் முன்னால் ‘கம்ப்ளீட்’ வருகிறது. வெறும் ‘கம்ப்ளீட்’ என்று எழுதினால் மார்க் போய்விடும். அதில் ஒவ்வொரு முனையும் மற்ற எல்லா முனையோடும் சேர்ந்திருக்கும், 6 முனைக்கு 15 விளிம்பு இருக்க வேண்டும்.

டிகிரியை (ஒரு முனையில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை) மட்டும் நம்பினாலும் வழுக்கும். முக்கோணத்துக்குள் முக்கோணம் வரைந்து நேர்நேர் முனைகளைச் சேருங்கள். அதிலும் 6 முனை, 9 விளிம்பு, எல்லா டிகிரியும் 3. ஆனால் முக்கோணத்தின் முனைகளுக்கு அணிக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இரண்டு வண்ணம் பூசினால் மூன்றாவது முட்டிக்கொள்ளும். ஒற்றைப்படை நீளச் சுற்று (ஒரே விளிம்பில் மறுபடி போகாமல் புறப்பட்ட முனைக்கே திரும்பும் வழி) ஒன்று கிடைத்தாலே பைபார்ட்டைட் இல்லை.

‘ஒரே பக்கத்தில் எல்லா கிராஃபும்’ என்று விற்கிறார்களே, அந்த நோட்ஸைத் தூக்கிப் போடுங்கள். வகைக்கு ஒரு படம், மனப்பாடம், அவ்வளவுதான். கேள்வித்தாளும் அதே படங்களையே திருப்பித் திருப்பிப் போடுவதால் இந்த வியாபாரம் ஓடுகிறது. ‘விளிம்பு, முனையைவிட ஒன்று குறைந்தால் ட்ரீ’ என்ற அரைகுறை விதியும் இப்படிப் பரவியதுதான். ட்ரீ என்றால் சுற்றே இருக்கக் கூடாது, எல்லா முனைக்கும் வழியும் இருக்க வேண்டும். ஒரு முக்கோணம், பக்கத்தில் தனியாக ஒரு முனை: 4 முனை, 3 விளிம்பு, எண்ணிக்கை கச்சிதம். ஆனால் முக்கோணமே ஒரு சுற்று, தனி முனைக்கோ வழியே இல்லை. இது எப்படி ட்ரீ ஆகும்? எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் போக முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் மட்டுமே அந்த எண்ணிக்கை செல்லும்.

லூப்போ (ஒரு முனை தன்னோடே சேரும் விளிம்பு), ஒரே ஜோடிக்கு இரண்டு விளிம்போ தென்பட்டால் சிம்பிள் கிராஃப் இல்லை. அதை முதல் பார்வையிலேயே கழித்துவிடலாம்.

விடைத்தாளில் பெயரோடு நிறுத்தாதீர்கள். பைபார்ட்டைட் என்றால் இரண்டு அணிகளையும் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த ஒற்றைப்படைச் சுற்றை முனை எண்களோடு எழுதுங்கள்.